மூன்றாவது விசில்

கொரட்டூர்
9-2-2025

அன்புத் தங்கை ராஜகுமாரிக்கு,

அண்ணன் மனோகரன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி சரசாவும் எங்கள் பிள்ளை தமிழ்வாணனும் சுகம். ஓசூர்க் குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா? விடுதி அடுப்படியில் கையைச் சுட்டுக்கொண்டாயே, ஆறிவிட்டதா?

போன் இருக்கும்போது அண்ணன் ஏன் காகிதம் எழுதுகிறான் என்று பதறாதே. பதறத்தான் வேண்டும், ஆனால் நிதானமாகப் பதறு. போன புதன்கிழமை சாயங்காலம் உன் மகன் ஹேமநாதன் காரை எடுத்துக்கொண்டு போய், முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் ஒரு சைக்கிள்காரரை இடித்துவிட்டான். அவனுக்கு ஒரு கீறல் இல்லை. பக்கத்து சீட்டில் இருந்த தமிழ்வாணன் தூங்கிக்கொண்டிருந்தானாம், அவனுக்கும் ஒன்றுமில்லை. சைக்கிள்காரர் பெயர் துலுக்கானம். ஏதோ அடுக்குமாடியில் வாட்ச்மேன். தலையில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

அன்றைக்கே ஹேமாவை ஸ்டேஷன் தெருமுனையில் நானே கொண்டுபோய் இறக்கிவிட்டேன். உள்ளே போய், "நான்தான் ஓட்டினேன்" என்று எழுதிக் கொடுத்தான். ஊதச் சொன்னார்கள், ஊதினான், வாடையில்லை. ஜாமீனில் விட்டுவிட்டார்கள். கார் சரசாவின் தம்பி பெயரில் இருக்கிறது, ஹேமா அவருக்கு டிரைவராகப் போனான் என்று எழுதியாயிற்று. தமிழ்வாணன் பெயர் எங்கேயும் வரவில்லை. நீயும் யாரிடமும் சொல்லாதே.

வழக்கு என் கோர்ட்டுக்குத்தான் வரும். உதவி அரசு வழக்கறிஞர் என்றால் போலீஸ் பக்கத்து வக்கீல், தண்டனை கொடுங்கள் என்று கேட்கிற ஆள். அந்த நாற்காலியில் சொந்த மாமனே உட்கார்ந்திருப்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்? அவனுடைய இனிஷியல் வேறு, என் இனிஷியல் வேறு. உறவு யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது.

முக்கியமான விஷயம். இனி போனில் பேசாதே. யார் யாரோடு எப்போது பேசினார்கள் என்று கம்பெனிக்காரன் அச்சடித்துக் கொடுத்துவிடுகிறான், நான் தினமும் பார்க்கிறேன். உன் போனை எனக்குக் கூரியரில் அனுப்பிவிடு. ஹேமாவின் போனை வாங்கி வைத்துவிட்டேன். எதுவானாலும் எனக்குக் கடிதம் போடு, படித்ததும் பதில் போடுகிறேன்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் அண்ணன்
மனோகரன்


ஓசூர்
20-2-2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

ராஜகுமாரி வணக்கம். கை ஆறிவிட்டது. உங்கள் சுகர் எப்படி இருக்கிறது? அண்ணியின் முட்டிவலி தேவலையா? துலுக்கானம் என்கிற அந்த மனிதர் கண் விழித்தாரா?

உங்கள் கடிதத்தை அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து நாலு தரம் படித்தேன். அண்ணா, ஹேமாவுக்குக் கார் ஓட்டத் தெரியுமா? தமிழ்வாணனுக்கு லைசென்ஸ் எடுத்தபோது, முகவரிச் சான்றுக்கு ஆகும் என்று இவனுக்கும் சேர்த்து எடுத்துக் கொடுத்தீர்கள். அதன் பிறகு காரைத் தொட்டதாக அவன் என்னிடம் சொன்னதே இல்லை. நீங்கள் படிக்க வைத்த பிள்ளை, அம்பத்தூரில் வேலையும் நீங்கள்தான் வாங்கிக் கொடுத்தீர்கள். உங்களிடம் கேள்வி கேட்கிறேன் என்று நினைக்காதீர்கள்.

இன்னொன்று நெஞ்சை அறுக்கிறது. அந்தப் புதன்கிழமை சாயங்காலம் அவன் என்னோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். வெகு நேரம் பேசினோம். நடுவில், "அம்மா இரு, யாரோ..." என்றான். கட் ஆகிவிட்டது. மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. அந்த "யாரோ" துலுக்கானமா அண்ணா? என்னோடு பேசிக்கொண்டே ஓட்டினானா? எனக்கு உண்மையைச் சொல்லுங்கள்.

போனைக் கூரியரில் போட்டுவிட்டேன்.

உங்கள் தங்கை
ராஜகுமாரி


கொரட்டூர்
27-2-2025

அன்புத் தங்கைக்கு,

எல்லாரும் சுகம், உன் சுகத்துக்கு எழுது. போன் வந்து சேர்ந்தது.

நீ உண்மையைக் கேட்டாய், சொல்லிவிடுகிறேன். ஆமாம். அந்தப் பேச்சால்தான் வினை. காதில் போன், கண் ரோட்டில் இல்லை. "யாரோ" என்று அவன் சொன்னது துலுக்கானத்தைத்தான். நான் உன்னைக் குறை சொல்லவில்லை. பெற்றவளுக்கு மகனோடு பேசத் தோன்றாதா? ஆனால் இது போலீசுக்குத் தெரிந்தால் பேசிக்கொண்டே ஓட்டினான் என்று இன்னும் இறுக்கிப் பிடிப்பார்கள். அதனால்தான் உன் போனை அனுப்பச் சொன்னேன். நீ அன்று அவனோடு பேசியதை உன் நிழலிடம்கூடச் சொல்லாதே. கார் ஓட்டத் தமிழ்வாணன்தான் கற்றுக்கொடுத்தானாம். பிள்ளைகள் நம்மிடம் எல்லாவற்றையும் சொல்கிறார்களா என்ன?

என் ஆபீசைப் பற்றிச் சொன்னால் உனக்குத் தைரியம் வரும். மூன்று நாற்காலி. ஒன்றில் நான், ஒன்றில் வழக்குக் கட்டு, ஒன்றில் ஃபேன் காற்றுக்காக வந்து உட்காரும் இன்ஸ்பெக்டர். போலீஸ் எழுதும் குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்குப் போகும் முன்னால் எங்கள் மேஜைக்கு வரும். இந்தச் சாட்சி போதாது, அந்தச் சாட்சி வேண்டாம் என்று நாங்கள் ஓட்டை பார்த்துச் சொல்ல வேண்டும். ஹேமாவின் வழக்குக் கட்டிலும் ஒரு வேண்டாத சாட்சி இருக்கிறான், டீக்கடைக்காரன். "வண்டி ஓட்டுனவன் நல்லா குண்டா இருந்தான் சார்" என்கிறானாம். குழப்பக்காரன். அவனை எடுத்துவிடச் சொன்னேன். கோர்ட் ஏட்டு தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

துலுக்கானம் இன்னும் கண் விழிக்கவில்லை. பெண்டாட்டி தாயம்மாள் தினமும் ஆபீஸ் வாசலில் வந்து நிற்கிறாள். நான் விசாரிக்காமல் போவதில்லை.

உன் அண்ணன்
மனோகரன்


ஓசூர்
30-3-2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நீங்கள் எல்லாரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் பரவாயில்லை என்று தோன்றுகிறது.

ஒரு மாதமாகச் சோறு இறங்கவில்லை. விடுதிப் பெண்கள் யாராவது போனைக் காதில் வைத்தால் எழுந்து அடுப்படிக்குள் போய்விடுகிறேன். அன்று நான் சீக்கிரம் வைத்துவிட்டிருக்கலாம். ஒன்றுமில்லாத பேச்சு அண்ணா. சளி பிடித்திருக்கிறதா, தலைக்கு எண்ணெய் வைத்தாயா, அவ்வளவுதான். அதற்கு ஒரு மனிதரின் மண்டை உடைந்திருக்கிறது. என் பிள்ளை ஊர் முன்னால் தலைகுனிந்து நிற்கிறான். அவனைக் கெடுத்தவள் நான்.

கேழ்வரகும் பொட்டுக்கடலையும் வறுத்து அரைத்துக் கஞ்சி மாவு அனுப்பியிருக்கிறேன். யார் கொடுத்தது என்று சொல்லாமல் தாயம்மாளிடம் கொடுத்துவிடுங்கள். அவர் கண் விழித்ததும் கரைத்துக் கொடுக்கட்டும். நான் ஒரு நடை வந்து அந்தம்மாவைப் பார்க்கலாமா?

ஹேமாவுக்கு உங்கள் விலாசத்தில் மூன்று கடிதம் போட்டேன், ஒரு பதில் இல்லை. என் மேல் கோபமா? அப்படியானால் நியாயம்தான்.

ராஜகுமாரி


கொரட்டூர்
22-4-2025

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் சுகம். வெயில் மண்டையைப் பிளக்கிறது, நீ கொடுத்துவைத்தவள், ஓசூரில் இருக்கிறாய்.

துலுக்கானம் போன வாரம் போய்ச் சேர்ந்தார். நீ அனுப்பிய மாவுக்கு அவசியம் ஏற்படவில்லை. சரசாதான் காலையில் கரைத்துக் குடிக்கிறாள், முட்டிக்கு நல்லதாம், உன் கைப்பக்குவத்தைப் புகழ்கிறாள்.

சாவு வந்தால் எங்கள் வேலையில் ஒரு சின்ன மாற்றம். பிரிவு மாற்ற அறிக்கை என்று ஒரே ஒரு பக்கம். அதுவரை காயம் என்று இருந்தது மரணம் என்று ஆகிவிடும், கட்டின் மேலட்டையில் பழைய எண்ணை அடித்துப் புதிய எண்ணை எழுதுவார்கள். ஏட்டு எழுதும்போது பேனா எழுதவில்லை, என் பேனாவைக் கொடுத்தேன்.

ஐந்து வருஷம் வரை கொடுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. பயப்படாதே, அபராதத்தோடு விட்ட வழக்குகள் எத்தனையோ உண்டு. குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டால் கோர்ட்டுக்கு இரக்கம் வரும். ஹேமாவிடம் சொல்லிவிட்டேன், சரி என்றான். தங்கமான பிள்ளை.

நீ இங்கே வராதே. தாயம்மாள் உன் முகத்தைப் பார்த்தால் ஏன் எதற்கு என்று கேட்பாள், நீ அழுதுகொண்டே போன் பேசியதைச் சொல்லிவிடுவாய். உன் வாயால் உன் பிள்ளைக்குக் கயிறு திரிக்காதே. உன் கடிதங்களை ஹேமாவிடம் கொடுக்கவில்லை. அவனை மேலும் கலங்கடிப்பானேன்?

உன் அண்ணன்
மனோகரன்


ஓசூர்
10-5-2025

அண்ணாவுக்கு,

வணக்கம். அண்ணி நலமா, தமிழ்வாணன் நலமா?

அந்தம்மா தாலியை நான் அறுத்துவிட்டேன். இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை, அதனால் உங்களிடம் சொல்கிறேன். விடுதியில் சாம்பாருக்கு உப்புப் போட மறந்துவிடுகிறேன். வார்டன் அம்மா, "ராஜகுமாரி, உனக்கு என்னம்மா ஆச்சு?" என்கிறார். ஒன்றுமில்லை என்கிறேன்.

ஒரு யோசனை. நான் கோர்ட்டுக்கு வந்து, என் பிள்ளை மேல் தப்பில்லை, பேச்சுக் கொடுத்தது நான்தான் என்று சொல்லிவிட்டால் என்ன? தண்டனையை எனக்குக் கொடுக்கட்டும். என்னைச் சாட்சியாகக் கூப்பிடச் சொல்லி நீங்களே கேட்க முடியாதா? உங்கள் ஆபீசில்தானே எல்லாம் இருக்கிறது.

அவன் சின்ன வயதில் நாய் குரைத்தாலே என் முந்தானையில் ஒளிந்துகொள்வான். ஜெயில் என்றால் தாங்க மாட்டான் அண்ணா. அவனைக் காப்பாற்றுங்கள்.

ராஜகுமாரி


கொரட்டூர்
18-6-2025

அன்புத் தங்கைக்கு,

சுகம்தானே? பதில் தாமதம். கோடை விடுமுறை முடிந்து கோர்ட் திறந்ததும் கட்டுகள் மலையாக வந்து விழுந்தன.

உன் கடிதத்தைப் படித்துச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. சாட்சியாம், தண்டனையை மாற்றிக் கொடுப்பதாம்! கோர்ட் என்ன ரேஷன் கடையா, ஒருவர் அட்டைக்கு இன்னொருவர் போய் வாங்க?

எங்கள் ஆபீஸ் எப்படி நடக்கிறது என்று உனக்குப் புரியவில்லை. உலகத்தில் ஆயிரம் பேர் ஆயிரத்தைப் பார்த்திருக்கலாம். எங்கள் பட்டியலில் பெயர் இருப்பவர்தான் சாட்சி. நாங்கள் கேட்கிற காகிதம்தான் ஆதாரம். கேட்காத சாட்சி வராது, கேட்காத காகிதமும் வராது. அதற்கும் மேலே ஒரு சௌகரியம் இருக்கிறது. கூண்டில் நிற்பவனே "செய்தேன் ஐயா" என்று சொல்லிவிட்டால் ஒரு சாட்சியையும் கூப்பிட வேண்டியதில்லை. வேப்பமரத்தடியில் யாரையும் நிற்க வைத்துப் பாடம் சொல்ல வேண்டாம், டாக்டருக்காகக் காத்திருக்க வேண்டாம். காலையில் எடுத்த கட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குள் மூடிவிடும்.

ஹேமாவிடம் ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். கோர்ட்டில் என்னை மாமா என்று கூப்பிடக் கூடாது, சார் என்றுதான் கூப்பிட வேண்டும்.

தமிழ்வாணனுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. முடிந்தால் எழுதுகிறேன்.

உன் அண்ணன்
மனோகரன்


ஓசூர்
21-7-2025

அண்ணாவுக்கு,

வணக்கம். நலமாக இருக்கிறீர்களா?

தேதி போட்டாயிற்றா? ஒரு வரி எழுதுங்கள். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் கரண்டியோடு வாசலுக்கு ஓடுகிறேன். உங்களை நம்பித்தான் இருக்கிறேன்.

ராஜகுமாரி


கொரட்டூர்
24-8-2025

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் ஆண்டவன் புண்ணியத்தில் சுகம். நீ மனதைத் திடப்படுத்திக்கொண்டு படி.

தீர்ப்பு வந்துவிட்டது. இரண்டு வருஷம். அங்கிருந்தே புழல் ஜெயிலுக்கு அழைத்துப் போய்விட்டார்கள்.

நடந்ததைச் சொல்கிறேன், யாராவது வேறு விதமாகச் சொன்னால் நம்பாதே. ஹேமா ஒப்புக்கொண்டான். மாஜிஸ்திரேட் என்னைப் பார்த்து, தண்டனை பற்றி அரசுத் தரப்பு என்ன சொல்கிறது என்று கேட்டார். முதல் பெஞ்சில் தாயம்மாள் வெள்ளைப் புடவையில் உட்கார்ந்திருந்தாள். பத்திரிகைக்காரன் ஒருவனும் இருந்தான். நான் மென்மையாகப் பேசினால், ஏன் இவ்வளவு பரிவு என்று யாராவது தோண்டுவார்கள். அதனால் எழுந்து, ஏழைத் தொழிலாளியின் உயிர் போயிருக்கிறது, இரக்கம் காட்டக் கூடாது என்று நானே வாதாடினேன். நன்றாகவே வாதாடினேன், சொல்லிக்கொள்ளக் கூடாது. தாயம்மாள் வாசலில் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

நான் உட்கார்ந்தபோது ஹேமா என்னைத் திரும்பிப் பார்த்தான். "மா" என்று வாயெடுத்து, "சார்" என்று முடித்தான். பிள்ளை சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். ஏட்டு மட்டும் என் காதருகே வந்து, "சார், பையன் மூஞ்சி இன்னா சார் அச்சு அசல் உங்கள மாதிரியே கீது?" என்றார். ஆவடியில் பாதிப் பேருக்கு என் மூஞ்சிதான் என்று சொல்லிச் சிரித்துவிட்டேன்.

அப்பீல் என்று யாரிடமும் போகாதே. ஒப்புக்கொண்டவன் தண்டனை அதிகம் என்று வேண்டுமானால் அழலாம், நான் செய்யவில்லை என்று அப்பீலில் சொல்ல முடியாது. அந்தக் கதவு சாத்தியாயிற்று. இரண்டு வருஷம் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். இளம் பிள்ளை, தாங்குவான்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்
மனோகரன்


ஓசூர்
7-9-2025

அண்ணாவுக்கு,

வணக்கம். உங்கள் சுகர் எப்படி இருக்கிறது?

ஒரு சந்தேகம். நேற்று விடுதியில் கேஸ் தீரப்போகிறது என்று சொன்னேன். வார்டன் அம்மா, "பிப்ரவரியில ஒரு புதன்கிழமை அடுப்பே பத்தவைக்காம எல்லாருக்கும் பரோட்டா வரவழைச்சமே, அந்த மாதிரி ஆயிடப் போவுது, இப்பவே சிலிண்டருக்குச் சொல்லு" என்றார். எனக்கு மாவு பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது. அவருடைய நோட்டைப் பார்க்கச் சொன்னேன். அதே புதன்தான்.

அன்று ஹேமா என்னோடு பேசிக்கொண்டிருந்தபோது குக்கர் விசில் அடித்தது. எங்கள் அடுப்படியில் எந்நேரமும் நாலு குக்கர் கத்திக்கொண்டிருக்கும், அதனால் என் பக்கத்துச் சத்தம் என்றே இத்தனை மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அன்று என் அடுப்பு எரியவே இல்லை. ஒரு விசில் வந்தது. பேசினோம். இரண்டாவது வந்தது. "இன்னொண்ணு வந்தா பருப்பு வெந்துடும்மா" என்று அவன் சொன்னதுகூட இப்போது காதில் கேட்கிறது. மூன்றாவது வருவதற்குள்தான் "அம்மா இரு, யாரோ..." என்றான்.

காரில் குக்கர் விசில் அடிக்குமா அண்ணா?

பதில் போடுங்கள்.

ராஜகுமாரி


கொரட்டூர்
30-11-2025

அன்புத் தங்கை ராஜகுமாரிக்கு,

நாங்கள் அனைவரும் சுகம். கடிதம் கிடைத்தது. வேலை நெருக்கடியில் எழுத முடியவில்லை. உன் எழுத்துக் கோணலாக இருக்கிறது, கண்ணை யாரிடமாவது காட்டு. வயது ஆகிறது, சரியாகத் தூங்கு.

நல்ல சேதி. தமிழ்வாணனுக்கு நிச்சயதார்த்தம். பெண் பெயர் நிவேதிதா, ஐ.டி. கம்பெனியில் வேலை, அம்பத்தூரில் சொந்த அடுக்குமாடி. கல்யாணம் முடிந்ததும் இருவரும் கனடா போகிறார்கள். போலீசில் ஒரு தடையும் இல்லை என்கிற சான்றுகூட வந்துவிட்டது. நிச்சயதார்த்தம் தை பிறந்ததும், ஜனவரி இருபத்தைந்து, ஞாயிறு, ஆவடியில் மண்டபம். என் கோர்ட் ஆட்கள் அத்தனை பேரும் வருகிறார்கள். மாஜிஸ்திரேட் ஐயாவும் தலைகாட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.

நீ இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடு. சமையல்காரர்களை நம்ப முடியாது, உன் மேற்பார்வை இருந்தால் சரசாவுக்கு நிம்மதி. உனக்கும் மாறுதலாக இருக்கும். ஹேமாவைப் பற்றி யாராவது கேட்டால் கத்தாரில் வேலை என்று சொல். அடுப்படியிலேயே இருந்துவிட்டால் கேட்கவும் மாட்டார்கள்.

நல்ல புடவையாக ஒன்று எடுத்துவை.

உன் அண்ணன்
மனோகரன்


ஓசூர்
12-12-2025

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நான் கேட்டதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. அதனால் பதில் தெரிந்தவனிடம் போய்க் கேட்டேன்.

புழலில் ஹேமாவைப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கன்னமெல்லாம் ஒட்டிப்போய் உட்கார்ந்திருந்தான். "என்னால்தானேடா உனக்கு இந்தக் கதி, நான் போனைச் சீக்கிரம் வைத்துவிட்டிருக்கக் கூடாதா" என்று அழுதேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னாம்மா சொல்ற? நான் கார்லயே இல்லம்மா" என்றான்.

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னான். "நெமிலிச்சேரி ரூம்ல பருப்பு வச்சிட்டு உன்னாண்ட பேசிகினு இருந்தேன். மாமா வந்து கதவத் தட்டினாரு. தமிழு குடிச்சிட்டு ஓட்டி ஒருத்தர இடிச்சிட்டான், ஊதச் சொன்னா மாட்டிக்குவான், கனடா போறதே போயிடும், நீ வந்து ஊதுடா, ஃபைனோட முடிச்சி உட்டுர்றேன்னாரு. என்னப் படிக்க வச்சவரும்மா. எப்படி மாட்டேன்னு சொல்வேன்? அடுப்ப நிறுத்தக்கூட உடல. பருப்பு தீஞ்சி கரியாப் போச்சி" என்றான். இதைச் சொல்லிவிட்டு, "மாமா மேல கோவப்படாதம்மா" என்றும் சொன்னான்.

நீங்கள் என் பிள்ளையை எடுத்துக்கொண்டது ஒரு பக்கம் இருக்கட்டும். உங்கள் சோற்றைத் தின்றவன், கேட்டீர்கள், கொடுத்தான். ஆனால் அவன் குற்றமற்றவன் என்று சொல்ல இந்த உலகத்தில் இருந்த சாட்சி நான் ஒருத்திதான். அந்த என்னையே கொலைகாரி என்று நம்ப வைத்தீர்களே. அதை உட்கார்ந்து, நிதானமாக, சுகம் விசாரித்து எழுதினீர்களே. உங்களோடு ஒரே வயிற்றில் பிறந்தேன் என்று நினைத்தால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

புழலிலிருந்து நேராக முத்தாபுதுப்பேட்டை போனேன். தாயம்மாள் முதலில் கதவைத் திறக்கவில்லை. யார் பெற்றவள் என்று சொன்னதும் துடைப்பத்தை எடுத்தார். வாசலிலேயே உட்கார்ந்து சொல்லி முடித்தேன். கேட்டுவிட்டுத் துடைப்பத்தைக் கீழே வைத்தார். அப்புறம் சொன்னார்: "கூண்டுல நின்னுகினு அந்தப் புள்ள என்னப் பாத்துக் கும்புட்டுச்சிம்மா. நான் காறித் துப்பினேன். வக்கீலு சாரு எனக்காகப் பேசினாருன்னு, அவரு புள்ளகுட்டி நல்லா இருக்கணும்னு எங்க ஊட்டுல வெளக்கு ஏத்தினேன்." அந்த விளக்கை எடுத்துப்போய்த் தெருக்குழாயடியில் போட்டுவிட்டு வந்தார்.

இருவரும் சட்ட உதவி மையத்துக்குப் போனோம். ஹைகோர்ட்டில் மனுப் போடலாம், ஒப்புக்கொண்ட வழக்கு, கஷ்டம்தான் என்றார் அங்கே இருந்த வக்கீல் அம்மா. போன் கம்பெனிக்காரனிடம் அன்றைய கணக்கு இன்னும் இருக்குமாம். கேட்டால் கொடுப்பானாம். உங்கள் ஆபீஸ் கேட்கவே இல்லையே என்று ஆச்சரியப்பட்டார். செத்தவர் மனைவியே கேட்கிறார் என்று எழுதித் தாயம்மாளிடம் கைநாட்டு வாங்கியிருக்கிறார். அது எப்போது நடக்குமோ தெரியாது. அதுவரை என் பிள்ளை உள்ளேதான் இருப்பான் என்பதும் எனக்குத் தெரியும்.

நிச்சயதார்த்தத்துக்கு வருகிறேன். நீங்கள் சொன்னபடி இரண்டு நாள் முன்னாலேயே வருகிறேன். பெண்ணைப் பெற்றவர்களிடம் நான் முன்கூட்டி எதுவும் பேசவில்லை, பயப்படாதீர்கள். தாயம்மாளையும் அழைத்து வருகிறேன். அவருக்கு முதல் பந்தியில், மாஜிஸ்திரேட் ஐயாவுக்கு எதிரே இலை போடுங்கள். உங்கள் ஏட்டு வந்தால் அவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள், முகம் பார்த்து அடையாளம் சொல்லத் தெரிந்தவர்.

பந்திப் பருப்பு அண்டாவில் வேகட்டும். நெமிலிச்சேரி ரூமைக் காலி செய்தபோது வீட்டுக்காரர் ஹேமாவின் குக்கரை எடுத்து வைத்திருந்தார், அடியெல்லாம் கரி. அதைத் தேய்க்காமல் கொண்டுவருகிறேன். ஒரு பிடி பருப்பு அதில் வைப்பேன். மூன்றாவது விசில் வந்ததும் அடுப்படியை விட்டு வெளியே வந்து, ஹேமநாதன் யார், அன்று சாயங்காலம் எங்கே இருந்தான், கார் ஓட்டியது யார் என்று சபை நடுவில் நின்று சொல்வேன்.

கேட்காத சாட்சி வராது என்று எழுதினீர்கள். வருகிறேன்.

மாத்திரைகளைத் தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள். அன்று நீங்கள் நல்ல உடம்போடு நிற்க வேண்டும்.

ஹேமநாதனின் அம்மா
ராஜகுமாரி